இரவு 10 மணிக் கணிப்பு: பிரிட்டன் எக்ஸிட் போலை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது

பிரிட்டனில் பொதுத்தேர்தல் வாக்குப்பதிவு காலை 7 மணிக்குத் தொடங்கி இரவு 10 மணிக்கு முடிகிறது. முடிந்த அந்த நொடியே, பிக் பென் மணி அடிக்கும்போதே, பிபிசி, ஐடிவி, ஸ்கை மூன்றிலும் ஒரே எண்கள் திரைக்கு வரும். மூன்று சேனல்களும் செலவைப் பகிர்ந்துகொண்டு, வாக்களித்துவிட்டு வெளியே வருபவர்களிடம் கேட்டு எடுக்கும் ஒரே எக்ஸிட் போல் இது. களப்பணி இப்சாஸ் நிறுவனத்துடையது. கணக்குப் போடுவது பேராசிரியர் ஜான் கர்டிஸ் தலைமையிலான புள்ளியியல் குழு. அதற்கு முன்னால் ஒரு எண்கூடக் கசியக் கூடாது. வாக்குப்பதிவு முடியுமுன் எக்ஸிட் போல் வெளியிட்டால் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்று சட்டமே இருக்கிறது.

இந்தச் சேவையைப் பற்றிய தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். யார் ஆட்சி அமைப்பார், முதல் இரண்டு கட்சிகளுக்கு ஏறக்குறைய எத்தனை இடம் என்ற இரண்டு கேள்விக்கும் உலகத் தரமான பதில் இதில் கிடைக்கும். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கட்சிகளின் எண்ணிக்கையைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். தனித் தொகுதியில் யார் ஜெயிப்பார் என்று தெரிந்துகொள்ள இதை நம்பவே கூடாது. இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். அது இந்தக் கணிப்பைச் செய்யும் முறைக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் பழைய கணக்கு. இன்றைய முறை முழுமையாகப் புழக்கத்துக்கு வந்த 2005இல், டோனி பிளேருக்கு 66 இடப் பெரும்பான்மை என்றார்கள். அப்படியே 66 வந்தது. 2010இல் கன்சர்வேட்டிவுக்கு 307, லேபருக்கு 255, லிபரல் டெமாக்ரட்டுக்கு 59 என்றார்கள். அன்றைக்குப் பெரும்பாலோர் நம்பவில்லை. தொலைக்காட்சி விவாதங்களுக்குப் பிறகு லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக் அலை வீசுகிறது என்று நாடே பேசிக்கொண்டிருந்த நேரம். எண்ணி முடித்தபோது, சபாநாயகரையும் சேர்த்தால் கன்சர்வேட்டிவ் 307, லேபர் 258, லிபரல் டெமாக்ரட் 57. அலை இருந்தது கருத்துக்கணிப்புகளில் மட்டுமே.

2015தான் இதன் பெருமையும் குறையும் ஒன்றாகத் தெரிந்த இரவு. லிபரல் டெமாக்ரட்டுக்குப் பத்தே இடம் என்று திரையில் வந்ததும், அந்தக் கட்சியின் முன்னாள் தலைவர் பேடி ஆஷ்டவுன் நேரலையிலேயே, இது உண்மையானால் என் தொப்பியைத் தின்கிறேன் என்றார். வந்தது எட்டு. ஐந்தாண்டு கூட்டணி ஆட்சியில் துணைப் பிரதமராக இருந்த கிளெக்கின் கட்சி 57இலிருந்து 8க்குச் சரிந்ததை அந்தப் பத்து மணிக் கணிப்பு சரியாகப் பிடித்தது. ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் எஸ்என்பிக்கு (ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி) 58 என்றதும் ஏறக்குறைய சரி, 56 கிடைத்தது. ஆனால் கன்சர்வேட்டிவுக்கு 316 என்றார்கள், கிடைத்தது 331 (பெரும்பான்மைக்கு 326 வேண்டும்). பதினைந்து இடம் விலகியதில், தொங்கு நாடாளுமன்றமாகப் படிக்க வேண்டியிருந்தது டேவிட் கேமரனின் தனிப்பெரும்பான்மையாக விடிந்தது. மறுநாள் சில மணி நேரத்துக்குள் லேபர் தலைவர் எட் மிலிபாண்ட், கிளெக், யுகிப் கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ் மூவரும் பதவி விலகலை அறிவித்தார்கள். ஃபராஜ் மட்டும் சில நாளில் தலைமைக்குத் திரும்பிவிட்டார்.

2017இல் கன்சர்வேட்டிவ் பிரதமர் தெரசா மே பெரும்பான்மையைப் பெருக்கிக்கொள்ளத் தானாகவே தேர்தல் வைத்தார். கணிப்பு 314, வந்தது 318. பெரும்பான்மை போய்விட்டது என்ற அடிப்படைச் செய்தி பத்து மணிக்கே சரியாக வந்தது. 2019இல் போரிஸ் ஜான்சனுக்கு 368 என்றார்கள், 365 கிடைத்தது. ஜெரமி கார்பின் தலைமையிலான லேபருக்கு 191 என்றது கொஞ்சம் கடுமை, 203 கிடைத்தது. 2024இல் லேபரின் கியர் ஸ்டார்மருக்கு 410, கிடைத்தது சபாநாயகரோடு 412. பதினான்கு ஆண்டு கன்சர்வேட்டிவ் ஆட்சியின் முடிவை இரண்டே இடம் பிசகில் சொல்லிவிட்டார்கள்.

இது எப்படிச் சாத்தியம்? பிரிட்டனில் வாக்குச்சாவடி வாரியான முடிவு வெளியாவதில்லை. ஒரு தொகுதியின் எல்லாப் பெட்டிகளையும் கொண்டுவந்து சீட்டுகளைக் கலந்துதான் எண்ணுகிறார்கள். அதனால் இந்தச் சாவடியில் உண்மையில் என்ன விழுந்தது என்று சரிபார்க்க வழியே இல்லை. கருத்துச் சொல்ல மறுப்பவர்கள் எந்தக் கட்சிக்காரர்கள் என்பதும் தெரியாது. 1992இல் மாட்டிக்கொண்டது இங்கேதான். அன்றைய எக்ஸிட் போல்கள் தொங்கு நாடாளுமன்றம் என்றன. லேபர் தலைவர் நீல் கின்னக் பிரதமர் ஆவார் என்று பலரும் நினைத்திருந்த வேளையில் இழுபறித் தொகுதியான பேசில்டனைக் கன்சர்வேட்டிவ் தக்கவைத்த செய்தி வந்தது. கடைசியில் கன்சர்வேட்டிவ் பிரதமர் ஜான் மேஜருக்கு 21 இடப் பெரும்பான்மை.

அதற்குப் பிறகு கர்டிஸும் புள்ளியியலாளர் டேவிட் ஃபர்த்தும் கேள்வியையே மாற்றினார்கள். ஒரு சாவடியில் லேபருக்கு எத்தனை சதவீதம் என்று கேட்பதை விட்டுவிட்டு, போன தடவை இதே சாவடியில் நாம் எடுத்த கணக்குக்கும் இன்றைக்கு எடுத்த கணக்குக்கும் எத்தனை புள்ளி வித்தியாசம் என்று கேட்டார்கள். மறுத்துப் போகிறவர்களால் வரும் பிழை இரண்டு தேர்தலிலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்றை மற்றொன்றிலிருந்து கழித்தால் பிழையும் கழிந்துவிடும். தபால் வாக்கையும் இதே வழியில்தான் சமாளிக்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்கு வாக்கு தபாலில் வருகிறது, அவர்களைச் சாவடி வாசலில் பிடிக்க முடியாது. ஆனால் அவர்களிடமும் இதே அளவு மாற்றம்தான் நடந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு நிற்கிறது.

இதனால்தான் அதே சாவடிகளுக்கே திரும்பத் திரும்பப் போகிறார்கள். 2019இல் 144 சாவடிகள், 22,790 பேர். 2024இல் சுமார் 130 சாவடிகள், 20,000 பேர் அளவில். ஒவ்வொரு சாவடி வாசலிலும் களப்பணியாளர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் வெளியே வருபவரை நிறுத்துவார்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று வாயால் கேட்பதில்லை. வாக்குச்சீட்டு மாதிரியே அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து, உள்ளே போட்ட மாதிரியே குறித்து இந்தப் பெட்டியில் போடுங்கள் என்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது என்பதால் கூச்சப்பட்டுப் பொய் சொல்லும் தேவை குறைகிறது. பகல் முழுக்க எண்கள் வந்துகொண்டிருக்கும். வெளித் தொடர்பில்லாத அறையில் குழு அதை ஒரு கணித மாதிரியில் ஏற்றிக்கொண்டே இருக்கும்.

மாதிரி என்ன செய்கிறது? எந்த வகைத் தொகுதியில் எந்தக் கட்சி எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று பார்க்கிறது. 2017லும் 2019லும் ஒரு தொகுதி பிரெக்சிட்டுக்கு எவ்வளவு ஆதரவாக 2016இல் வாக்களித்தது என்பது பெரிய சாவியாக இருந்தது. 2024இல் வேறு கதை. கன்சர்வேட்டிவ் எங்கே வலுவாக இருந்ததோ அங்கேதான் அதிகம் இழந்தது. நாடு முழுக்க ஒரே அளவு சரிவு என்று வைத்துப் போட்ட கணக்குகள் இந்த இடத்தில் உடைந்தன. லேபரின் வாக்கு 32.1 சதவீதத்திலிருந்து 33.7 ஆகத்தான் ஏறியது. கன்சர்வேட்டிவ் 43.6இலிருந்து 23.7க்கு விழுந்ததும், விழுந்த விதமும்தான் 412 இடத்தைக் கொடுத்தது. இதைச் சாவடி வாசலிலேயே பார்த்துவிட்டதுதான் இந்தச் சேவையின் மிகப் பெரிய வெற்றி.

ஒரு முக்கிய எச்சரிக்கை: பத்து மணிக்கு வருவது இடங்களின் எண்ணிக்கை மட்டுமே, வாக்குச் சதவீதம் வராது. தேர்ந்தெடுத்த சாவடிகள் நாட்டின் சராசரியைக் காட்டுபவை அல்ல, இழுபறித் தொகுதிகள் அதில் கூடுதல். எனவே எக்ஸிட் போல்படி இந்தக் கட்சிக்கு இத்தனை சதவீதம் என்று அந்த நேரத்தில் யாராவது சமூக ஊடகத்தில் போட்டால் அதைக் கடந்து போய்விடலாம்.

இனி கோளாறு எங்கே வருகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு தொகுதியிலும் ஒவ்வொரு கட்சிக்கும் வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, எல்லா வாய்ப்புகளையும் கூட்டித்தான் மொத்த எண் வருகிறது. பத்துத் தொகுதிகளில் ஒரு கட்சிக்குத் தலா 30 சதவீத வாய்ப்பு என்றால் மொத்தத்தில் மூன்று இடம் என்று எழுதுவார்கள். ஆனால் வரைபடத்தில் அந்தப் பத்தில் ஒன்றுகூட அந்தக் கட்சியின் நிறத்தில் இருக்காது. மொத்தமும் வரைபடமும் ஒத்துவரவில்லையே என்று ஒவ்வொரு தேர்தலிலும் கேள்வி வரும். பிழை எதுவும் இல்லை, கூட்டும் முறை அப்படி.

பெரிய கட்சிகளுக்கு இந்தக் கூட்டல் அருமையாக வேலை செய்கிறது. ஒரு தொகுதியில் கூடினது இன்னொன்றில் குறைந்து சரியாகிவிடும். நாட்டின் பல இடங்களில் இரண்டாம் இடத்தில் நிற்கும் கட்சிக்கு அப்படி ஆகாது. 2024இல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சிக்கு 13 என்றார்கள், வந்தது ஐந்து. எண்ணி முடித்தபோது அந்தக் கட்சி 98 தொகுதிகளில் இரண்டாம் இடத்தில் இருந்தது. அத்தனை இடங்களின் சின்னச் சின்ன வாய்ப்பும் சேர்ந்து மொத்தத்தை ஊதிவிடும். மாதிரி ஒரு புள்ளி இரண்டு புள்ளி மேலே போனாலும் எல்லாத் தொகுதியிலும் ஒரே பக்கமாகத்தான் போகும், ஒன்றையொன்று ஈடுகட்டாது. பார்ன்ஸ்லி நார்த் ரிஃபார்முக்குப் போகும் என்று அன்றிரவு காட்டினார்கள், லேபர் தக்கவைத்தது. ரிஃபார்ம் எண்ணில் உறுதி குறைவு என்று கர்டிஸே எச்சரித்திருந்தார். அதைக் கவனித்தவர்கள் ஏமாறவில்லை.

லிபரல் டெமாக்ரட் விஷயத்தில் இதற்கு நேர்மாறு. 61 என்றார்கள், 72 கிடைத்தது. 12.2 சதவீத வாக்கில் 72 இடம், ரிஃபார்முக்கு 14.3 சதவீதத்தில் ஐந்து இடம் என்பதிலிருந்தே காரணம் விளங்கும். எட் டேவியின் கட்சி ஜெயிக்கக்கூடிய தொகுதிகளில் மட்டும் ஆளையும் பணத்தையும் குவித்தது. அந்தத் தொகுதிகளில் லேபர் ஆதரவாளர்களும் கன்சர்வேட்டிவைத் தோற்கடிக்க அதற்கே போட்டார்கள். அந்தத் தெற்கு இங்கிலாந்துத் தொகுதிகளில் மாதிரிக்குப் போதுமான சாவடிகள் இல்லாவிட்டால் அந்தக் குவியல் முழுதாகத் தெரியாது. அந்தப் பதினோரு இடமும் பெரும்பாலும் கன்சர்வேட்டிவ் கணக்கில் இருந்து வந்தவைதான். அதற்கு 131 என்றார்கள், 121தான் கிடைத்தது. ஸ்காட்லாந்துக்கும் இதே குறை. 2019இல் எஸ்என்பிக்கு 55 என்றது 48இல் நின்றது. அங்கே சாவடிகள் சில, இழுபறித் தொகுதிகள் பல. அதே இரவில் லிபரல் டெமாக்ரட் தலைவர் ஜோ ஸ்வின்சன் தன் தொகுதியை எஸ்என்பியிடம் 149 வாக்கில் இழந்தார். அவ்வளவு சிறிய வித்தியாசத்தை எந்தக் கணித மாதிரியும் முன்கூட்டிச் சொல்லாது. 2024இல் ஹெண்டன் 15 வாக்கில் லேபருக்குப் போனது, பேசில்டன் அண்ட் பில்லரிக்கே 20 வாக்கில் கன்சர்வேட்டிவிடம் நின்றது.

சுயேச்சைகளை இந்த முறை பார்ப்பதே இல்லை என்று சொல்லலாம். போன தடவை நிற்காதவருக்கு எதிலிருந்து கழிப்பது? 2024 கணிப்பில் மற்றவர்கள் 19. இதில் வட அயர்லாந்தின் 18 போனால் மிச்சம் ஒன்று. அங்கே எக்ஸிட் போல் எடுப்பதில்லை, 18ஐயும் அப்படியே மற்றவர் கணக்கில் போட்டுவிடுவார்கள். உண்மையில் பிரிட்டன் பகுதியில் மட்டும் ஐந்து சுயேச்சைகள் வென்றார்கள். லேபரிலிருந்து வெளியேற்றப்பட்ட கார்பின் இஸ்லிங்டன் நார்த்தில் வென்றது அதில் ஒன்று. லேபர் முன்னணித் தலைவர் ஜொனாதன் ஆஷ்வொர்த் லெஸ்டர் சவுத்தை 979 வாக்கில் இழந்தார். தமிழர்கள் கணிசமாக வாழும் கிழக்கு லண்டன் பக்கம் இல்ஃபோர்ட் நார்த்தில் லேபரின் வெஸ் ஸ்ட்ரீட்டிங் 528 வாக்கில்தான் தப்பினார். லெஸ்டர் சவுத்துக்குப் பக்கத்து லெஸ்டர் ஈஸ்ட், நாடு முழுக்க கன்சர்வேட்டிவ் புதிதாகக் கைப்பற்றிய ஒரே தொகுதி. காஸா பிரச்சினையும் உள்ளூர்ப் பிளவுகளும் சேர்ந்து நடந்தவை இவை. 130 சாவடிகளில் இதற்கெல்லாம் இடம் கிடையாது.

இந்த முறையின் எல்லையை 2016 இன்னும் தெளிவாகக் காட்டியது. பிரெக்சிட் வாக்கெடுப்புக்கு எக்ஸிட் போலே எடுக்கவில்லை. ஒப்பிடக்கூடிய அண்மைய வாக்கெடுப்பு இல்லை, எனவே கழிக்க எதுவும் இல்லை. அன்றிரவு பத்து மணிக்கு, வெளியேற வேண்டும் என்று பிரசாரம் செய்த ஃபராஜே நீடிக்க வேண்டும் என்ற தரப்பு வெல்லும்போலத் தெரிகிறது என்று சொல்லும்படி ஆனது.

போட்டிச் சேவைகளோடு ஒப்பிட்டால்? தேர்தலுக்கு முன்பே தொகுதி வாரியாகச் சொல்லும் எம்ஆர்பி கணிப்புகள் இப்போது பல உண்டு. பல்லாயிரம் பேரிடம் இணையத்தில் கேட்டு, வயது, படிப்பு, தொகுதி இயல்பு ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு தொகுதிக்கும் கணக்கிடும் முறை. 2024இல் யூகவ் கடைசியாகச் சொன்னது லேபர் 431, கன்சர்வேட்டிவ் 102, லிபரல் டெமாக்ரட் 72, ரிஃபார்ம் 3. கடைசி இரண்டு கட்சிக்கும் எக்ஸிட் போலைவிட இது நெருக்கம், முதல் இரண்டுக்கும் தூரம். மற்ற எம்ஆர்பிகள் இன்னும் தள்ளாடின. சர்வேஷன் லேபருக்கு 484 என்றது, சவாந்தா ஒரு கட்டத்தில் 516 என்றது. ஆகவே சிறிய கட்சிகளுக்கு எம்ஆர்பியையும், ஆட்சி யாருக்கு என்பதற்கு எக்ஸிட் போலையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதே சரியான வழி. உள்ளாட்சித் தேர்தலுக்கு எக்ஸிட் போல் கிடையாது. பிபிசி குறிப்பிட்ட வார்டுகளின் உண்மை முடிவுகளை வைத்து நாடு முழுக்க வாக்களித்திருந்தால் என்ற கணக்கைத் தரும். 2025 மே மாதம் அது ரிஃபார்ம் 30, லேபர் 20, லிபரல் டெமாக்ரட் 17, கன்சர்வேட்டிவ் 15, கிரீன் 11 என்று காட்டியது. நடைமுறையில் விழுந்த வாக்குகளில் இருந்து வருவதால் கட்சிகளின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க இது நல்ல அளவுகோல்.

இந்தியாவில் இருந்தோ இலங்கையில் இருந்தோ பார்க்கிறவர்களுக்கு: கோடைக்காலத் தேர்தல் என்றால் வெள்ளிக்கிழமை அதிகாலை 2.30 மணி, 2019 போல குளிர்காலத்தில் வந்தால் 3.30. பிபிசி ஐபிளேயர் பிரிட்டனுக்கு வெளியே திறக்காது. ஸ்கை நியூஸின் யூடியூப் நேரலை போதும், எண்கள் ஒன்றுதான். பெரும்பான்மைக் கோடு 326 என்று திரையில் இருக்கும். வட அயர்லாந்தின் சின் ஃபெய்ன் கட்சி உறுப்பினர்கள் அவைக்கு வருவதில்லை, 2024இல் அவர்கள் ஏழு பேர். சபாநாயகரும் துணைச் சபாநாயகர்களும் வாக்களிப்பதில்லை. எனவே 322 சுமாராகக் கிடைத்தாலே ஆட்சி ஓடும். முதல் கட்சியின் எண் 305க்கும் 340க்கும் நடுவில் வந்தால் தூங்கப் போகாதீர்கள், 2015 மாதிரி திரும்பலாம். அதற்கு வெளியே வந்தால் ஆட்சி விஷயம் முடிந்தது.

முதல் முடிவுகள் இரவு 11.15 வாக்கில் வடகிழக்கு இங்கிலாந்தில் இருந்து வரும். நியூகாஸிலும் சண்டர்லேண்டும் வேகமாக எண்ணுவதில் போட்டி போடும் ஊர்கள். யார் ஜெயித்தார் என்பதைவிட எத்தனை புள்ளி மாறியது என்பதைப் பாருங்கள். 2019இல் 11.30 அளவில் பிளைத் வேலியை லேபர் இழந்தபோது, பல பத்தாண்டுகளாக அந்தக் கட்சி கையில் இருந்த தொகுதி அது, பத்து மணிக் கணிப்பு சரிதான் என்று புரிந்துவிட்டது. தலைவர்கள் கதி தெரிய விடியும்வரை ஆகும். முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் 2024இல் சவுத் வெஸ்ட் நார்ஃபக்கை 630 வாக்கில் இழந்த செய்தி வந்தபோது வெளிச்சம் வந்திருந்தது.

அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் நடக்க வேண்டும். இந்தச் சேவைக்கு இதுவரை இல்லாத சோதனை அதுதான். 2024இல் ஐந்து இடம் பெற்ற ரிஃபார்ம், 2025 மே ரன்கோர்ன் இடைத்தேர்தலை ஆறு வாக்கில் வென்று, உள்ளாட்சியில் முதலிடம் பிடித்தது. ஒரு கட்சி 14 சதவீதத்தில் இருந்து 30ஐ நோக்கிப் போனால் மாற்றம் எல்லாச் சாவடியிலும் மிகப் பெரிதாக இருக்கும். அது தொகுதிக்குத் தொகுதி எப்படி வேறுபடுகிறது என்பதில் சின்னப் பிழை வந்தாலும் டஜன் கணக்கில் இடங்கள் புரளும். 16 வயதுக்காரர்களுக்கு வாக்குரிமை தரப்போவதாக அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. அவர்கள் வந்தால் போன தடவைப் பட்டியலில் இல்லாதவர்கள் சாவடி வாசலில் நிற்பார்கள். ஐந்து கட்சிகள் மோதும் தொகுதியில் 28 சதவீதமே வெற்றிக்குப் போதுமாகலாம். இழுபறித் தொகுதிகளைத் தேர்ந்தெடுப்பதற்கே இதுவரை இருந்த வரையறை செல்லாது.

இதற்குப் பரிகாரம் சாவடிகளைக் கூட்டுவதுதான், குறிப்பாக வடக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும். ஆனால் போன தடவை போகாத சாவடிக்கு ஒப்பிட எண் இருக்காது, புதிதாகச் சேர்ப்பவை முழுப் பலன் தர இன்னொரு தேர்தல் ஆகும். அதனால் அடுத்த முறை பத்து மணிக்கு மொத்த எண்ணோடு நிற்காமல், பிபிசி பக்கத்தில் வரும் தொகுதி வாரியான வாய்ப்புச் சதவீதங்களைத் திறந்து பாருங்கள். ஒரு கட்சியின் மொத்தத்தில் பாதிக்கு மேல் 30க்கும் 60க்கும் இடைப்பட்ட வாய்ப்புகளில் இருந்து வந்திருந்தால், அந்த மொத்தத்தைக் குறைந்தது விடிகாலை 3 மணி வரை யாரிடமும் முடிவாகச் சொல்லாதீர்கள்.